பால் பட்டர்ஃபீல்ட் பேண்டின் ‘ஈஸ்ட்-வெஸ்ட்’ (1966): கிட்டாரை விடுங்கள், டிரம்ஸைக் கேளுங்கள்

பழையதட்டு:
1966 ப்ளூஸ்-ராக் என்று யார் பேச்செடுத்தாலும் பிரிட்டிஷ்காரர்கள் ஜான் மேயாலும் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனும் சேர்ந்து போட்ட ஆல்பத்தில்தான் போய் நிற்கிறது. நல்ல ஆல்பம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது ஜூலையில் லண்டனில் வந்ததென்றால், அடுத்த மாதமே அமெரிக்காவில் எலெக்ட்ரா நிறுவனம் ‘ஈஸ்ட்-வெஸ்ட்’டை வெளியிட்டது. பாடி, ஹார்மோனிகாவும் வாசிக்கும் பால் பட்டர்ஃபீல்டின் சிகாகோக் குழுவான பால் பட்டர்ஃபீல்ட் ப்ளூஸ் பேண்டின் இரண்டாவது ஆல்பம். பில்போர்டு பட்டியலில் 65-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. கிட்டார் வாசிக்கிறவர்கள் மட்டும் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

இதைப் பற்றி எழுதுகிறவர்களிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தலைப்புப் பாட்டு 13 நிமிடம், மைக் ப்ளூம்ஃபீல்டின் கிட்டார், இந்திய ராகம். இந்த மூன்றையும் சொல்லிவிட்டுக் கடையைக் கட்டிவிடுகிறார்கள். என் கட்சி வேறு. இந்த ஆல்பத்தைத் தூக்கி நிறுத்துகிறவர் டிரம்மர் பில்லி டேவன்போர்ட்.

1965-இல் வந்த முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் சாம் லே, பாஸ் ஜெரோம் ஆர்னால்ட். இரண்டு பேரும் சிகாகோவின் பெரிய ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃபிடம் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். பட்டர்ஃபீல்ட் அங்கிருந்து அவர்களைக் கிளப்பிக்கொண்டு வந்தார். லேயின் பலம் சிகாகோ ஷஃபிள் என்கிற துள்ளல் நடைத் தாளம். அந்த ஆல்பம் முழுக்க அதுதான் ஓடும், ஓடவும் வேண்டும். 1965 கடைசியில் லேக்கு உடம்பு முடியாமல் போனதும் டேவன்போர்ட் உள்ளே வந்தார். இவருக்கு ஜாஸ் பழக்கம் உண்டு. இந்த மாற்றம் நடந்திருக்காவிட்டால் ‘ஈஸ்ட்-வெஸ்ட்’ முதல் ஆல்பத்தின் இரண்டாம் பாகமாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

தலைப்புப் பாட்டைப் போட்டு, கிட்டாரை வேண்டுமென்றே காதிலிருந்து ஒதுக்கிவிட்டுக் கேளுங்கள். ஆர்னால்ட் ஒரு நாலு அடி பாஸ் வரியைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்தை விட்டு நகரவே மாட்டார். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறாது. அப்படியானால் 13 நிமிடத்தில் பாட்டு எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் என்றால் அந்தப் பொறுப்பு யாருடையது? டிரம்மருடையதுதான். டேவன்போர்ட் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, நுனியில் மெத்தென்ற உருண்டை வைத்த மல்லெட் எடுப்பார். சிம்பலின் ஓரத்தில் ஒரு நிறம், நடுக் குமிழில் வேறு நிறம். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கப் போகிறது என்பதை முதலில் சொல்வது கிட்டார் இல்லை, சிம்பல். அது மெல்ல வீங்கி எழுந்து அடங்கும். அடங்கிய இடத்தில் புது ஸ்கேல், அதாவது புது ஸ்வர வரிசை, ஆரம்பிக்கும்.

சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

வடைமாமணி:
முதல் ஆளாக வந்துவிட்டேன், வடை எனக்கே! கேட்டுவிட்டு வந்து பேசுகிறேன்.

தந்திக்காரன்:
பழையதட்டு அண்ணே, வணக்கம். வழக்கம்போல எல்லாரும் போகிற பக்கம் போகக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டு எழுதியிருக்கிறீர்கள். டேவன்போர்ட் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் ப்ளூம்ஃபீல்டை ஒதுக்கிவிட்டுக் கேட்கச் சொல்வதெல்லாம் அநியாயம்.

இந்த ஆல்பத்துக்கு முந்தைய வருஷம்தான் அவர் பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ பதிவில் வாசித்தார். அப்போது கையில் டெலிகாஸ்டர் கிட்டார். ‘ஈஸ்ட்-வெஸ்ட்’டுக்கு வரும்போது 1954 மாடல் கோல்ட்டாப் லெஸ் பால் கிட்டார். வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரியும். டெலியின் கீச்சு போய் ஸ்வரத்துக்குச் சதைப்பிடிப்பு வந்திருக்கிறது. கிளாப்டன் மேயாலோடு போட்ட ஆல்பத்தில் மார்ஷல் ஆம்ப்பை (ஒலிபெருக்கியை) முட்டித் தள்ளி, ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் அது தானாகவே பாடும்படி செய்தார். ப்ளூம்ஃபீல்ட் அந்த வழிக்குப் போகவில்லை. அவர் சத்தம் அவ்வளவு அழுக்கு இல்லை. ஸ்வரம் நிற்காது என்பதால் ஓயாமல் வாசித்துக்கொண்டே இருப்பார். நீள நீளமான வரிகள். மூச்சு எங்கே விடுவார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

‘ஐ காட் எ மைண்ட் டு கிவ் அப் லிவிங்’ பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஏன்? ஏனென்றால் அங்கே உங்கள் வாதம் நிற்காது. மைனரில் இழுத்து நகரும் மெதுவான ப்ளூஸ். காலையில் படுக்கையில் அவள் இடத்தில் கடிதம் கிடக்கிறது. இவன் வாழ்க்கை போதும் என்று, தனக்கே கல்லறைக்கல் வாங்கக் கடைக்குக் கிளம்பலாமா என்று யோசிக்கிறான். பட்டர்ஃபீல்ட் இதை அழாமல் பாடுகிறார். அழுகையெல்லாம் கிட்டாருக்கு விட்டுவிட்டார். அதில் தந்தியை வளைத்து இழுக்கும் ஒவ்வொரு பெண்டும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் தயங்கி, அப்புறம்தான் போய் உட்காரும். ஆல்பத்தின் உச்சம் அதுதான். தலைப்புப் பாட்டு இல்லை.

பழையதட்டு:
தம்பி, எழுதாததற்குக் காரணம் சோம்பல், வாதம் இல்லை. அந்தப் பாட்டில் கிட்டாருக்குப் பின்னால் எவ்வளவு காலி இடம் இருக்கிறது என்று கவனியுங்கள். அதை நிரப்பாமல் விட்டது யார்? டிரம்மர்தான். மெதுவான ப்ளூஸில் சும்மா இருக்கத் தெரிந்த கை கிடைப்பது கஷ்டம்.

தந்திக்காரன்:
ஒன்றும் வாசிக்காததற்கும் அவருக்கே பாராட்டா! இனி உங்களோடு பேசி ஜெயிக்க முடியாது :)

சுருதிப்பெட்டி:
ராகம் என்று பேச்சு வந்துவிட்டதால் உள்ளே வருகிறேன். சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் பாடுகிறேன். ப்ளூஸ் என் கணவர் மூலம் வந்த பழக்கம்.

இந்தப் பாட்டுக்கு ஆரம்பத்தில் அவர்கள் வைத்திருந்த பெயரே ‘த ராகா’ என்பதுதான். ப்ளூம்ஃபீல்டும் பாடலாசிரியர் நிக் கிராவனைட்ஸும் சேர்ந்து உண்டாக்கியது. இந்திய இசை எப்படி வேலை செய்கிறது என்பது எல்.எஸ்.டி. போதை மருந்து எடுத்துக்கொண்ட ஒரு ராத்திரி தனக்குப் பிடிபட்டுவிட்டது என்று ப்ளூம்ஃபீல்ட் சொன்னதாகக் கதை. எங்கள் பாட்டு டீச்சர் கேட்டிருந்தால் தம்புராவாலேயே அடித்திருப்பார்.

இது ராகம் இல்லை. ஸ்வர வரிசை மட்டும் ராகம் ஆகாது. அதற்கென்று பிடிகள் உண்டு, ஒரு ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது உண்டு, கமகம் உண்டு. இவர்கள் ஒரு பகுதிக்கு ஒரு ஸ்கேல் என்று மாற்றிக்கொண்டே போகிறார்கள். கடைசிப் பக்கம் மேஜருக்கு வரும்போது, தயவுசெய்து யாரும் சங்கராபரணம் என்று எழுதாதீர்கள். சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் அங்கே இருக்கின்றன, சங்கராபரணம் இல்லை. ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் அந்த நாட்களில் செய்துகொண்டிருந்ததற்குத்தான் இது நெருங்கிய சொந்தம்.

ஆனால் ஒரு விஷயத்தில் இவர்கள் மற்றவர்களைவிடப் புத்திசாலிகள். பீட்டில்ஸின் ‘நார்வீஜியன் வுட்’டில் சிதார் வந்தது 1965 டிசம்பரில். அதற்கப்புறம் ஆளாளுக்குச் சிதாரைத் தேடி ஓடினார்கள். பாதிப் பேருக்கு அது மேலே தூவுகிற மசாலா. பட்டர்ஃபீல்ட் குழு ஒரு சிதாரைக்கூடத் தொடவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டது ஆதார சுருதியை மட்டும். பாஸ் நகராமல் நிற்கிறது, மேலே இருப்பவர்கள் மெல்ல மெல்ல விரித்துக்கொண்டு போகிறார்கள். வாத்தியத்தைக் கடன் வாங்காமல் வேலைமுறையைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். அதுதான் எனக்கு மரியாதை.

இன்னொன்றும் சொல்லலாம். தந்தியை இழுத்து வளைக்கிற பழக்கம் ப்ளூஸில் ஏற்கனவே இருக்கிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிப் போகத் தெரிந்தவர்கள் அவர்கள். அதனால்தான் இந்தச் சோதனை மற்ற ராக் குழுக்களுக்கு வந்ததைவிட இவர்களுக்குச் சுலபமாகக் கை வந்தது என்று நினைக்கிறேன். டிரம்ஸைப் பொறுத்தவரை என் ஓட்டு பழையதட்டு ஐயாவுக்கு. தனி ஆவர்த்தனம் என்று ஒன்று கேட்டு வாங்காமல் கச்சேரி முழுக்கக் கூடவே போகிற மிருதங்கம் எனக்குப் பிடிக்கும்.

புதுக்காது:
ஒரு சந்தேகம். நான் ப்ளூஸ் அதிகம் கேட்டவன் இல்லை. 13 நிமிடப் பாட்டு என்றதும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. இந்த ஆல்பத்தில் எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

தந்திக்காரன்:
‘கெட் அவுட் ஆஃப் மை லைஃப், வுமன்’ போடு ப்ரோ. ஆலன் டூசாண்ட் எழுதி லீ டோர்ஸி பாடியது. இவர்கள் செய்ததும் மூன்றே சொச்சம் நிமிடம்தான். குழுவின் கீபோர்டுக்காரர் மார்க் நாஃப்டலின் பியானோவில் என்ன செய்கிறார் பார். அப்புறம் ‘வொர்க் ஸாங்’. அதுவும் கிட்டத்தட்ட எட்டு நிமிடம் ஆகும், ஆனால் அலுக்காது.

பழையதட்டு:
‘வொர்க் ஸாங்’ நாட் அடர்லியின் ஜாஸ் மெட்டு. இவர்கள் பாட்டே இல்லாமல் வாசித்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக முறை வைத்து சோலோ எடுப்பார்கள். அதெல்லாம் முடிந்தபிறகு துண்டு துண்டாக மாற்றி மாற்றிப் பேசிக்கொள்வார்கள். கிட்டார் கேட்கும், ஹார்மோனிகா பதில் சொல்லும், ஆர்கன் குறுக்கே விழும். அந்தக் கடைசிப் பகுதியைக் கேட்டால் போதும், இவர்கள் ராத்திரி ராத்திரியாக ஒன்றாக மேடையேறியவர்கள் என்று தெரிந்துவிடும். டிரம்ஸையும் கேளுங்கள் என்று சொன்னால் அடிக்க வருவார்கள், அதனால் சொல்லவில்லை.

கூவம்பொன்னன்:
எல்லாரும் ஆஹா ஓஹோ என்கிறீர்கள், நான் கொஞ்சம் கல்லெறிகிறேன். ராபர்ட் ஜான்சன் 1936-இல் பதிவு செய்த ‘வாக்கிங் ப்ளூஸ்’, சிகாகோ ப்ளூஸ் ஜாம்பவான் மடி வாட்டர்ஸின் ‘டூ ட்ரெய்ன்ஸ் ரன்னிங்’, டோர்ஸி பாடிப் பிரபலமான பாட்டு. எல்லாம் கறுப்பர்கள் உண்டாக்கியது. வெள்ளைக்காரப் பையன்கள் வந்து வாசித்ததும் அதற்கு ‘ப்ளூஸ்-ராக்’ என்று புதுப்பெயர், கல்லூரி மாணவர்கள் கைத்தட்டு. மடி வாட்டர்ஸையே நேராகக் கேட்டுவிட்டுப் போகலாமே? எதற்கு நடுவில் இவர்கள்?

பழையதட்டு:
கேட்க வேண்டிய கேள்வி. மடி வாட்டர்ஸையும் கேளுங்கள், முதலில் அவரைக் கேளுங்கள். அதில் தகராறே இல்லை.

ஆனால் இந்தக் குழுவை ‘வெள்ளைக்காரப் பையன்கள்’ என்று ஒரே வார்த்தையில் அடைப்பது சரியாக வராது. ஆறு பேரில் ஆர்னால்டும் டேவன்போர்ட்டும் கறுப்பர்கள். பாஸும் டிரம்ஸும் சேர்ந்த அஸ்திவாரமே அவர்கள் கையில்தான். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே குழுவாக மேடை ஏறுவது 1965-66 அமெரிக்காவில் சாதாரணம் இல்லை. பட்டர்ஃபீல்ட் சிகாகோவின் ஹைட் பார்க்கில் வளர்ந்தவர். சவுத் சைடு கிளப்புகள் பக்கத்திலேயே. அங்கே போய் மடி வாட்டர்ஸ் முன்னாலேயே மேடை ஏறி வாசித்துக் கற்றார். தலைப்புப் பாட்டைப் பதிவு செய்ததும் 2120 சவுத் மிஷிகன் அவென்யூவில் இருந்த செஸ் ஸ்டுடியோவில். மடியும் வுல்ஃபும் ஹார்மோனிகா மேதை லிட்டில் வால்டரும் பதிவு செய்த அதே இடம்.

இந்தச் சந்தேகம் அன்றைக்கே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1965 நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் இவர்களை அறிமுகம் செய்த நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ், இவர்களுக்கு வாசிக்கத் தெரியுமா பார்க்கலாம் என்கிற தொனியில் பேசப்போய், மேனேஜர் ஆல்பர்ட் கிராஸ்மனும் லோமாக்ஸும் மண்ணில் கட்டிப் புரண்டார்கள். இரண்டு பெரிய மனிதர்கள், இரண்டு பேருமே கனத்த உடம்பு. அதே விழாவில்தான் ப்ளூம்ஃபீல்டும் ஆர்னால்டும் லேயும் டிலனுக்குப் பின்னால் நின்று அந்தப் பேர்போன மின்சாரக் கலவரத்தை (நாட்டார் விழாவில் மின்சாரக் கிட்டாரா என்று கூட்டம் கொதித்ததை)க் கிளப்பினார்கள்.

கூவம்பொன்னன்:
சரி, ஆர்னால்ட், டேவன்போர்ட் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அட்டையில் யார் பெயர் இருக்கிறது, வரலாற்றில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இந்த இழையிலேயே நீங்கள் எழுதும் வரை டேவன்போர்ட் யாரென்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பழையதட்டு:
அதற்காகத்தான் ஐயா இழையே போட்டேன்.

ஊதுகுழல்:
கிட்டார், டிரம்ஸ், ராகம், அரசியல் எல்லாம் ஆயிற்று. குழுவுக்கே பெயர் கொடுத்த மனிதரை யாரும் கண்டுகொள்ளவில்லையே! நான் ஹார்மோனிகா வாசிக்கிறவன், அதனால் வயிற்றெரிச்சல்.

பட்டர்ஃபீல்ட் பையனாக இருந்தபோது முறையாகப் புல்லாங்குழல் கற்றவர். சிகாகோ சிம்பொனியின் வால்ஃப்ரிட் குஜாலா அவருக்கு ஆசிரியர். ஹார்மோனிகாவில் அது கேட்கும். நிறைய பேர் ஒரே மூச்சில் இரண்டு மூன்று ஓட்டைகளை ஊதிக் கார்டு கார்டாகப் போவார்கள். இவருக்கு ஒற்றை ஸ்வரம் போதும். ஒன்றை எடுத்து, தடிமனாக்கி, அதிரவைத்து, வேண்டிய இடத்தில் வெட்டுவார். ஹார்மோனிகாவையும் தலைகீழாகப் பிடித்து வாசிப்பார், தாழ்ந்த ஸ்வரங்கள் வலப்பக்கம் வரும்படி. அவரைப் பார்த்துக் கற்கப் போனவர்களுக்குத் தலைசுற்றல்தான். மைக்கைக் கையோடு சேர்த்துப் பொத்தி ஆம்ப்பில் விடுவது லிட்டில் வால்டரிடமிருந்து வந்தது, ஆனால் வால்டரின் குழைவு இவரிடம் இல்லை. இவர் இடிப்பார்.

தலைப்புப் பாட்டில் அவர் சோலோ முடிந்த பிறகு என்ன செய்கிறார் என்று கேளுங்கள். கிட்டார்களுக்குப் பின்னால் நின்று சின்னச் சின்னதாக ஊதிக்கொண்டே இருப்பார். ஒரு கார்டு, ஒரு எதிர்த்தாளம், யாரோ வாசித்ததன் எதிரொலி. தலைவர் ஆள் ஒதுங்கி நின்று ஒட்டுப்போடுகிற வேலை பார்க்கிறார். டேவன்போர்ட் இல்லாவிட்டால் பாட்டு நகராது என்றால், பட்டர்ஃபீல்ட் இல்லாவிட்டால் துண்டு துண்டாகப் போய்விடும்.

வடைமாமணி:
கேட்டுவிட்டேன். ‘மேரி, மேரி’ ஏன் இந்த ஆல்பத்தில் இருக்கிறது? கல்யாணப் பந்தியில் யாரோ பிறந்தநாள் கேக் வைத்த மாதிரி இருக்கிறது.

தந்திக்காரன்:
ஹாஹா. அது மைக்கேல் நெஸ்மித் எழுதியது. ஆமாம், மங்கீஸ் என்ற பாப் குழுவின் நெஸ்மித்தேதான். மங்கீஸின் பதிவு அப்புறம்தான் வெளியே வந்தது, இவர்கள் முந்திக்கொண்டார்கள். எனக்கு அதில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் ரிஃப் பிடிக்கும். ஆனால் ‘வொர்க் ஸாங்’குக்குப் பக்கத்தில் வைத்தால் மெலிந்துதான் போகிறது. ‘ஆல் தீஸ் ப்ளூஸ்’, ‘நெவர் சே நோ’ இரண்டையும்கூட நான் பெரும்பாலும் தாண்டிவிடுவேன். குறையே இல்லாத ஆல்பம் என்று யாரும் சொல்லவில்லை.

புதுக்காது:
‘கெட் அவுட்’, ‘வொர்க் ஸாங்’ இரண்டும் ஆயிற்று. பயந்துகொண்டே தலைப்புப் பாட்டும் கேட்டேன். நேரம் போனதே தெரியவில்லை. ஒரு கேள்வி. கிட்டார் இரண்டு கேட்கிறதே? ஒன்று சரசரவென்று ஓடுகிறது, இன்னொன்று கொஞ்சம் கரடுமுரடாக நின்று நின்று பேசுகிறது. அந்த இரண்டாவது யார்?

பழையதட்டு:
எல்வின் பிஷப். ஓக்லஹோமாவின் டல்ஸாவில் வளர்ந்த பையன். உதவித்தொகையில் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் படிக்க வந்து ப்ளூஸில் விழுந்தவர். பட்டர்ஃபீல்டோடு ஆரம்பத்திலிருந்தே இருந்தது அவர்தான். முதல் ஆல்பத்துக்கு ப்ளூம்ஃபீல்டைக் கொண்டுவந்ததும் இவர் ரிதம் கிட்டாருக்கு ஒதுங்க வேண்டியதாயிற்று. ‘ஈஸ்ட்-வெஸ்ட்’டில்தான் சோலோவுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. ஓடுகிறவரோடு போட்டிக்கு ஓடாமல் தன் பாணியில் நின்று வாசித்ததுதான் அவர் கெட்டிக்காரத்தனம். 1967-இல் ப்ளூம்ஃபீல்ட் விலகி எலெக்ட்ரிக் ஃப்ளாக் தொடங்கியதும் முன்வரிசை கிட்டார் மறுபடியும் இவர் கைக்கு வந்தது. ‘நெவர் சே நோ’வில் பாடுகிறவரும் இவர்தான். தந்திக்காரன் தாண்டிவிடுகிற பாட்டு.

பெயர் பெற்ற இருவரும் சீக்கிரம் போய்விட்டார்கள். ப்ளூம்ஃபீல்ட் 1981-இல், 37 வயது. பட்டர்ஃபீல்ட் 1987-இல், 44. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இந்தக் குழுவை எடுத்துக்கொண்டது 2015-இல்.

ஊதுகுழல்:
புதுக்காதுக்கு ஒரு தகவல். இந்தத் தலைப்புப் பாட்டை மேடையில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்கூட வாசித்திருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஃபில்மோர் அரங்கில் இவர்களைக் கேட்டபிறகுதான் அந்த ஊர்க் குழுக்கள் பலவும் நீளமாக வாசிக்கத் துணிந்தன என்பார்கள். நாஃப்டலின் பழைய நேரடிப் பதிவுகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்து 1996-இல் ‘ஈஸ்ட்-வெஸ்ட் லைவ்’ என்று வெளியிட்டார். மூன்றும் இதே பாட்டுதான். நீளமானது 28 நிமிடம். ஒலித்தரம் சுமார். ஆனால் பாட்டு எப்படி வளர்ந்தது என்று வரிசையாகக் கேட்கலாம்.

பழையதட்டு:
28 நிமிடப் பதிவில் டேவன்போர்ட்டின் சிம்பல் இரைச்சலுக்குள் அமுங்கிப் போகிறது. அது ஒன்றுதான் வருத்தம்.

சுருதிப்பெட்டி:
அந்த 28 நிமிடத்தை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். எனக்கு ஸ்டுடியோவின் 13 நிமிடம்தான் மேல். நீளமானதில் ஒவ்வொருவரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சில நேரம் கிடைக்கிறது, சில நேரம் ஐந்து நிமிடம் வெறுமனே ஓடுகிறது. ஸ்டுடியோவில் நேரக் கட்டுப்பாடு இருந்ததால் கிடைத்ததை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

தந்திக்காரன்:
அம்மா, தேடுவதைக் கேட்கத்தானே அந்தப் பதிவு! கிட்டார் வாசிக்கிறவனுக்கு அந்த ஐந்து நிமிடம்தான் பாடம். 28-க்கு என் ஓட்டு.

புதுக்காது:
இப்போதுதான் 13-க்கே வந்திருக்கிறேன், கொஞ்சம் மூச்சு விட விடுங்கள். அடுத்து முதல் ஆல்பம் கேட்கலாம் என்று இருக்கிறேன். சாம் லே வாசித்தது.

பழையதட்டு:
கேளுங்கள். ‘பார்ன் இன் சிகாகோ’வில் ஆரம்பிக்கும். அதுவும் கிராவனைட்ஸ் எழுதியதுதான். கேட்ட கையோடு ‘ஈஸ்ட்-வெஸ்ட்’டின் ‘வாக்கிங் ப்ளூஸ்’ போட்டுப் பாருங்கள். டிரம்ஸில் என்ன வித்தியாசம் என்று இங்கே வந்து எழுதுங்கள், தந்திக்காரன் என்னை நம்ப மாட்டார்.